நூறு போட்டால் நூற்றறுபது கோடி!

நூறு ரூபாய் போட்டு நூற்றறுபது கோடி எடுத்த ஆசாமி யாராவது உங்களுக்குத் தெரிந்து உண்டா?

'உண்டு' என்றால், தயவுசெய்து அவர் பக்கத்தில் உட்காராதீர்கள். எந்த நிமிஷமும் போலீஸ் வரும். கூட இருந்த பாவத்துக்கு உங்களையும் ஜீப்பில் ஏற்றுவார்கள்.

ஆனால் போலீஸ் போக முடியாத ஓர் இடத்தில் அப்படி ஒரு பேர்வழி இருக்கிறார். 2021 ஜனவரியில்தான் மாட்டினார். பெயர், ஜே 0313-1806. (ரேஷன் கார்டு நம்பர் மாதிரி இருக்கிறதா? வானத்தில் அவர் இருக்கும் முகவரியே அதுதான்.) அவர் ஒரு கருந்துளை. எடை, நம் சூரியனைப் போல் 160 கோடி மடங்கு!

அது பெரிய குற்றமில்லை. பிரபஞ்சத்தில் இதைவிட குண்டான கருந்துளைகள் இருக்கின்றன. குற்றம், வயசில்தான். பிரபஞ்சத்துக்கு இப்போது வயது 1380 கோடி வருஷம். அந்தக் கருந்துளையை நாம் பார்ப்பது, பிரபஞ்சத்துக்கு வெறும் 67 கோடி வயது இருந்தபோது எடுத்த 'போட்டோ'வில். பிரபஞ்சம் இன்றைக்கு மணிவிழா கொண்டாடும் பெரியவர் என்று வைத்துக்கொண்டால், அந்த போட்டோ எடுத்தபோது அவருக்கு மூணு வயசு. மூணு வயசுக் குழந்தையின் பெயரில் 160 கோடி! வருமான வரிக்காரர்கள் சும்மா விடுவார்களா?

விஞ்ஞானிகளும் விடவில்லை. 'இந்த வயதுக்குள் இவ்வளவு எப்படி வந்தது? கணக்கைக் காட்டு' என்று துரத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

கணக்கு என்றதும் எனக்கும் மூக்கு வேர்த்தது. ஏனென்றால் நான் பி.காம்.

பி.காம். படித்தவனுக்கு வானத்தில் என்ன வேலை?

நியாயமான கேள்வி. எங்கள் ஊர் ஊரூர் ஒல்காட் குப்பம். பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்கு வடக்கே, அடையாறு ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மீனவர் கிராமம். ஒருபக்கம் பிரம்மஞான சபையின் மரங்கள். மறுபக்கம் வங்காள விரிகுடா. சினிமாவில் கதாநாயகன் சோகமாக நிற்பாரே, அந்த உடைந்த பாலம் எங்கள் கொல்லைப்புறம். 

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வானம் புதுசில்லை. கட்டுமரம் போன காலத்தில் ஆறாமீனையும் விடிவெள்ளியையும் பார்த்துத்தான் நேரம் தெரிந்துகொள்வார்கள். இப்போது ஃபைபர் போட், கையில் ஜி.பி.எஸ். இருந்தாலும் எங்கள் பெரியப்பா கரையில் நின்று ஒருதரம் மேலே பார்க்காமல் போட்டைத் தள்ள மாட்டார். "மிஷினு பொய் சொல்லும் தம்பி, அதுங்க சொல்லாது" என்பார்.

பெரியப்பாவுக்கு ஒரு திருத்தம். அதுங்களும் பழைய சேதிதான் சொல்லும். ஆறாமீன் கூட்டம் சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதாவது இன்றைக்கு ராத்திரி நம் கண்ணில் படுகிற வெளிச்சம், அக்பர் ஆண்டுகொண்டிருந்தபோது கிளம்பியது. தூரத்தைப் பார்ப்பது என்றால் பழசைப் பார்ப்பது. அதனால்தான் கருந்துளையின் மூணு வயசு போட்டோ நமக்குக் கிடைக்கிறது. அந்த வெளிச்சம் 1300 கோடி வருஷத்துக்கும் மேலாகப் பிரயாணம் செய்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. தபால் இலாகாவை இனிமேல் யாரும் குறை சொல்லாதீர்கள்.

ஆனால் என்னை இந்த வம்பில் இழுத்துவிட்டது பெரியப்பா இல்லை. என் அக்கா பெண்.

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று வீட்டில் ஒரு மாசமாக மாநாடு. பள்ளிக்கூடத்தில் ஒருவர், "உங்க வீட்டு நிலைமைக்கு காமர்ஸ்தான் சரி. சீக்கிரம் வேலைக்குப் போகலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்காவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. வீட்டிலேயே ஒரு பி.காம். இருக்கிறான், புஸ்தகமும் ஓசி! அவளோ ஃபிசிக்ஸ் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குக் கூட்டிப்போனார்களாம். அங்கே பிடித்த பேய், இறங்கவே இல்லை.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். "மாமா, கருந்துளை எல்லா வெளிச்சத்தையும் முழுங்கிடும்னு சொல்றாங்க. அப்புறம் அதை எப்படிப் பார்க்கறாங்க?"

டெபிட், கிரெடிட்டில் இதற்கு பதில் இல்லை. தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. படித்ததைத்தான் இப்போது உங்கள் தலையில் கட்டுகிறேன்.

சாப்பாட்டு ராமனின் ஏப்பம்

கருந்துளையிலிருந்து வெளிச்சம் வராது என்பது உண்மை. ஆனால் அதற்குள் விழப்போகிற சரக்கிலிருந்து வரும். விழுகிற வாயு நேராகப் போய் 'தொபுக்'கென்று விழுவதில்லை. கழுநீர்த் தொட்டியின் ஓட்டையில் தண்ணீர் சுழன்று சுழன்று இறங்குமே, அந்த மாதிரி சுற்றும். சுற்றும்போது ஒன்றோடொன்று உரசி, லட்சக்கணக்கான டிகிரிக்குச் சூடாகி, தகதகவென்று ஜொலிக்கும். விழுகிற பொருளில் சுமார் பத்து சதவீதம் இப்படி வெளிச்சமாகப் போய்விடும். பாக்கி தொண்ணூறு சதவீதம் வயிற்றுக்குள். (சூரியன் ஹைட்ரஜனை எரிப்பதில் வெளிச்சமாக மாறுவது ஒரு சதவீதம்கூட இல்லை. தரகு கமிஷனில் கருந்துளையை அடிக்க ஆளே கிடையாது!)

இப்படிச் சாப்பிட்டுக்கொண்டே ஜொலிக்கிற ராட்சசக் கருந்துளைக்குத்தான் 'குவாஸார்' என்று பெயர். நம்முடைய ஜே 0313-ன் வெளிச்சம், நம் பால்வெளி மண்டலத்தின் மொத்த நட்சத்திரங்களும் சேர்ந்து தருவதைப் போல ஆயிரம் மடங்கு.

குவாஸார் என்றால் என்ன என்று முதன்முதலில் புரிந்துகொண்டவர் மார்ட்டன் ஷ்மிட். 1963-ல், 3சி 273 என்ற சாதாரண நட்சத்திரம் மாதிரி தெரிந்த ஒரு புள்ளியின் நிறமாலையைப் பார்த்து, 'இது நட்சத்திரமே இல்லை, இருநூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிற சமாசாரம்' என்று கண்டுபிடித்தார். (எலியட்ஸ் பீச்சில் காதலர்கள் சாய்ந்து உட்காரும் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அவர் 1930-ல், கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க்காரர். இவர் ஹாலந்துக்காரர். ஆனால் வாக்கிங் போகிறவர்கள் ஒரே கும்பிடாக இரண்டு பேருக்கும் போட்டுவிடலாம், தப்பில்லை.)

பைஜாமா எலாஸ்டிக் தத்துவம்

அவ்வளவு வெளிச்சம் என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? தெரியாது. காரணம், பிரபஞ்சம் விரிகிறது.

பழைய பைஜாமாவிலிருந்து ஓர் எலாஸ்டிக் துண்டை உருவிக்கொள்ளுங்கள் (பழையது என்பது முக்கியம்). அதன்மேல் பேனாவால் வளைவு வளைவாக ஒரு அலை வரையுங்கள். இப்போது இழுங்கள். அலை நீண்டுவிட்டது அல்லவா? ஒளிக்கும் அதே கதிதான். கிளம்பும்போது அது புற ஊதாக் கதிர். 1300 கோடி வருஷம் பிரபஞ்சம் இழுத்த இழுப்பில் அதன் அலை எட்டரை மடங்குக்கும் கொஞ்சம் கூடுதலாக நீண்டு, அகச்சிவப்புக் கதிராகிவிட்டது. ஹைட்ரஜன் வாயு அங்கே விட்ட 121.6 நானோமீட்டர் ஒளி, இங்கே வந்து சேரும்போது 1050 நானோமீட்டர். நம் கண்ணோ 700-ஐத் தாண்டினால் 'கடை மூடியாச்சு' என்று போர்டு மாட்டிவிடும்.

அகச்சிவப்பு என்பது ஏதோ அமெரிக்க சமாசாரம் இல்லை. உங்கள் டி.வி. ரிமோட்டின் மூக்கிலிருந்து வருவதே அதுதான். செல்போனின் செல்ஃபி கேமராவை ஆன் செய்து, அதன்முன் ரிமோட்டைக் காட்டி ஒரு பட்டனை அமுக்குங்கள். பெரும்பாலான போன்களில், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் திரையில் வெளுத்த ஊதாவாக மின்னும். செலவில்லாத குவாஸார் ஆராய்ச்சி! 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் இன்னும் எளிமையாகச் செய்தார். முப்பட்டகக் கண்ணாடியால் வெயிலை நிறம் நிறமாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் 'ஒன்றுமே இல்லாத' இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். சூடு ஏறியது. கண்டுபிடிப்பு முடிந்தது.

சரி, இதை மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்துப் பார்க்க முடியுமா? எங்கள் குப்பத்தில் நடக்காது. அகச்சிவப்புக்குப் பரம எதிரி, காற்றில் இருக்கிற ஈரம். நீராவி அதை வழியிலேயே குடித்துவிடும். மே மாச ராத்திரி பெசன்ட் நகரில் சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். இந்த லட்சணத்தில் எங்கே பார்ப்பது? போதாததற்கு, சூடாக இருக்கிற எல்லாமே அகச்சிவப்பை உமிழும். நீங்கள், நான், சுவர், பஜ்ஜிக் கடை எல்லாமே ஜொலிக்கிறோம். பட்டப்பகலில் நட்சத்திரம் தேடுகிற கதைதான்.

அதனால்தான் ஹவாய்த் தீவில் 4200 மீட்டர் மலை உச்சிக்கும், சிலி நாட்டின் வறண்ட மலைகளுக்கும் ஓடுகிறார்கள். ஜே 0313-ஐப் பிடித்தது அந்த மலை உச்சித் தொலைநோக்கிகள்தான். அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஃபெய்கி வாங் தலைமையில் ஒரு குழு. நம் நாட்டிலும் லடாக்கின் ஹான்லேயில், 4500 மீட்டர் உயரத்தில், இரண்டு மீட்டர் தொலைநோக்கி ஒன்று அகச்சிவப்பும் பார்க்கிறது.

பூமியின் ஈரமே வேண்டாம் என்று ஒரேயடியாக வெளியே போனதுதான் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி. 2021 கிறிஸ்துமஸ் அன்று கிளம்பி, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிக் குடித்தனம் போட்டிருக்கிறது. ஆறரை மீட்டர் கண்ணாடி. டென்னிஸ் கோர்ட் சைஸில் ஐந்து மடிப்புக் குடை. குடைக்கு அந்தப் பக்கம் 85 டிகிரி கொதிப்பு, இந்தப் பக்கம் மைனஸ் 233 டிகிரி. அகச்சிவப்பை நன்றாகப் பிரதிபலிப்பதற்காகக் கண்ணாடிக்குத் தங்க முலாம் வேறு. மொத்தம் எவ்வளவு தங்கம் தெரியுமா? சுமார் 48 கிராம். அதாவது ஆறே பவுன்!

"ஆறு பவுன்ல ஆகாசத்தையே பார்க்கறான். நம்மூர்ல ஆறு பவுனுக்கு ஒரு மாப்பிள்ளைகூடப் பார்க்க முடியாது" என்றாள் அக்கா.

தராசு எங்கே?

'160 கோடி சூரியன் என்று சொல்கிறாயே, யார் எடை போட்டது?' என்று கேட்பீர்கள். மீன்காரி வீட்டில் பிறந்தவனிடம் எடை விஷயத்தில் ஏமாற முடியாது, நானும் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றச் சுற்ற, கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கருந்துளையைச் சுற்றி ஓடுகிற வாயு மேகங்களுக்கும் அதுவே விதி. அவை எவ்வளவு வேகமாக ஓடியும் பிய்த்துக்கொண்டு போகவில்லையோ, நடுவில் இருப்பவரின் பிடி அவ்வளவு பலம். பிடி பலம் என்றால் எடை அதிகம். வேகத்தை எப்படி அளப்பது? அந்த மேகங்களில் மக்னீசியம் இருக்கிறது. அது ஒரு குறிப்பிட்ட ஒளிக்கோட்டை வெளியிடும். மேகம் நம்மை நோக்கியும் நம்மைவிட்டும் ஓட ஓட, அந்தக் கோடு இரண்டு பக்கமும் இழுபட்டு அகலமாகும். ஜே 0313-ல் அந்தக் கோடு அகச்சிவப்பில், 2400 நானோமீட்டர் சுமாருக்கு வந்து உட்காருகிறது. ஆக, அகச்சிவப்பு இல்லையென்றால் குவாஸாரைப் பார்க்கவும் முடியாது, தராசில் வைக்கவும் முடியாது.

இப்போது வருகிறது வட்டிக் கணக்கு!

கருந்துளை இஷ்டத்துக்குச் சாப்பிட முடியாது. அதன் சாப்பாடே அதற்குத் தடை. தியேட்டரில் முதல் ஷோ விட்டு ஜனம் திமுதிமுவென்று வெளியே வரும்போது, அதே கேட் வழியாக இரண்டாவது ஷோவுக்கு நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? தள்ளிக்கொண்டு வந்து ரோட்டில் விட்டுவிடுவார்கள். அதே மாதிரி, சூடான வாயுவிலிருந்து வெளியே பாய்கிற ஒளி, உள்ளே வருகிற வாயுவை வெளியே தள்ளும். அதிகமாகச் சாப்பிட்டால் அதிக வெளிச்சம். அதிக வெளிச்சம் என்றால் அதிகத் தள்ளல். ஓர் அளவுக்கு மேல் எதுவும் உள்ளே நுழைய முடியாது. இந்த அளவுக்கு 'எடிங்டன் வரம்பு' என்று பெயர்.

வரம்பை மீறாமல், ஒருவேளைகூடப் பட்டினி இல்லாமல் சாப்பிட்டால், கருந்துளையின் எடை சுமார் மூன்றரை கோடி வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அசல் கூட்டு வட்டி! பி.காம். முதல் வருஷம்!

பிரபஞ்சத்தின் முதல் நட்சத்திரங்கள் வெடித்துச் செத்து, நூறு சூரியன் எடையுள்ள கருந்துளையை விட்டுப்போனதாக வைத்துக்கொள்வோம். நூறு, இருநூறு, நானூறு என்று ஏற்றிக்கொண்டே போங்கள். 160 கோடியைத் தொட 24 தரம் இரட்டிக்க வேண்டும். ஒரு தரத்துக்கு மூன்றரை கோடி வருஷம் வீதம், மொத்தம் 84 கோடி வருஷம்.

ஆனால் பிரபஞ்சத்துக்கே அப்போது வயது 67 கோடிதானே! அம்மாவைவிடப் பிள்ளைக்குப் பதினேழு கோடி வயது கூடுதலா?

அதிலும் முதல் நட்சத்திரம் பிறந்து, வளர்ந்து, சாக, முதல் இருபது கோடி வருஷத்தைக் கழித்துவிடுங்கள். கையில் இருப்பது 47 கோடி. அதில் பதின்மூன்று தரம்தான் இரட்டிக்கலாம். நூறு போட்டால் எட்டு லட்சத்துச் சொச்சம்தான் வரும். 160 கோடி எங்கே, எட்டு லட்சம் எங்கே?

இந்தக் கணக்கை அக்கா பெண், மீன் பாக்கி எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் அம்மா எட்டிப் பார்த்தாள். அம்மா நாற்பது வருஷம் தலையில் கூடை சுமந்து மீன் விற்றவள். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் தண்டல்காரனிடம் கடன் வாங்கி, வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் கொடுத்ததை எண்ணி, நாள்தோறும் நூறு நூறாகக் கட்டி, ஒவ்வொரு ரூபாயும் குட்டி போடுவதைப் பார்த்தே வாழ்ந்தவள்.

"இன்னா கண்ணு கணக்கு அது?"

"ஆயா, ஒருத்தன் நூறு போட்டான். நூத்தறுபது கோடி வெச்சிருக்கான். ஆனா நாள் பத்தலை. எப்படி?"

அம்மா வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு இரண்டு செகண்ட் யோசித்தாள்.

"ரெண்டுல ஒண்ணுதான். மொதலு நூறா இருந்திருக்காது, பெருசா போட்டிருப்பான். இல்லாங்காட்டி மீட்டர் வட்டிக்கு வுட்டிருப்பான். வேற வழி ஏது?"

நானும் அக்கா பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏனென்றால், உலகத்தின் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் இருபது வருஷமாக நடந்துகொண்டிருக்கிற சண்டையே இந்த இரண்டுக்கும் நடுவில்தான்!

(மூன்றாவதாக ஒரு வழியும் சொல்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழு மாதிரி சின்னச் சின்னக் கருந்துளைகள் பல ஒன்றாகச் சேர்வது. சேர்வது உண்டு. ஆனால் சேரும் வேகத்தில் ஈர்ப்பு அலை கொடுக்கிற உதையில், சேர்ந்தவர் தன் வீட்டைவிட்டே தூக்கியெறியப்படும் ஆபத்தும் உண்டு. குழுவை மட்டும் நம்பி 160 கோடி சேர்ப்பது கஷ்டம்.)

முதல் பெரிசு கட்சி

இந்தக் கட்சியின் முக்கியப் புள்ளி யார் தெரியுமா? கோயம்புத்தூரில் பிறந்த பெண். பெயர் பிரியம்வதா நடராஜன். டில்லியில் வளர்ந்து, அமெரிக்காவிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

2006-ல் அவரும் இத்தாலியின் ஜுசெப்பே லொடாட்டோவும் ஒரு வழியை விவரமாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நட்சத்திரம் என்கிற இடைத்தரகரே இல்லாமல், பிரம்மாண்டமான வாயு மேகம் ஒன்று நேரடியாகக் கருந்துளையாக இடிந்து விழ முடியும்!

எப்படி? எங்கள் எல்லையம்மன் கோயிலில் ஆடி மாசம் அண்டா அண்டாவாகக் கூழ் காய்ச்சுவார்கள். ஆறவிட்டால் கூழ் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். சாதாரணமாக வாயு மேகமும் அப்படித்தான். ஆறும்போது துண்டு துண்டாகி, ஒவ்வொரு துண்டும் ஒரு நட்சத்திரமாகும். ஆனால் பக்கத்து வீட்டு அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால்? பக்கத்தில் இருக்கிற இன்னொரு நட்சத்திரக் கூட்டத்தின் புற ஊதாக் கதிர், மேகத்தைக் குளிர்விக்கிற ஹைட்ரஜன் மூலக்கூறுகளைப் பிய்த்துப் போட்டுவிடும். மேகம் ஆறாது. ஆறாததால் கட்டி தட்டாது. கட்டி தட்டாததால் மொத்தமும் ஒரே உருண்டையாக உள்ளே சரியும். பிறக்கும்போதே பத்தாயிரம் முதல் லட்சம் சூரியன் எடை.

லட்சத்தில் ஆரம்பித்தால் 160 கோடிக்குப் பதினாலு தரம் இரட்டித்தால் போதும். 49 கோடி வருஷம். கையில் இருப்பதோ 47. கொஞ்சம் முன்னால் பிறந்திருந்தாலே கணக்கு நேராகிவிடும். பாலன்ஸ் ஷீட் டாலி!

காகிதத்தில் டாலி ஆனால் போதுமா? சாட்சி வேண்டாமா? பிரியம்வதா குழுவினர் 2017-லேயே ஓர் அடையாளம் சொல்லி வைத்தார்கள். சாதாரணமாக ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் எடையில், நடுவில் இருக்கிற கருந்துளை ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் கருந்துளை பெரிதாகவே பிறந்திருந்தால், ஆரம்ப நாட்களில் அது தன் வீட்டின் மொத்த நட்சத்திரங்களுக்கும் சமமாக எடை போடும். அப்படி ஒன்று கிடைத்தால் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள்.

2023 நவம்பரில் கிடைத்தது. பெயர் யு.ஹெச்.இஸட்.1. பிரபஞ்சத்துக்கு 47 கோடி வயதாக இருந்தபோதே, ஒரு கோடி முதல் பத்துக் கோடி சூரியன் வரை எடையுள்ள கருந்துளை. தன் வீட்டு நட்சத்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஈடான எடை! வீட்டை அகச்சிவப்பில் காட்டியது ஜேம்ஸ் வெப். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவரை எக்ஸ்ரேயில் காட்டியது இன்னொரு விண்வெளித் தொலைநோக்கி. 1999-ல் பறந்த அதன் பெயர் 'சந்திரா'.

ஆம், நம்ம மயிலாப்பூர் சந்திரசேகர்தான்!

மீட்டர் வட்டிக் கட்சி

அவர் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1930-ல் பத்தொன்பது வயதில் கப்பலேறினார். இங்கிலாந்து போய்ச் சேர்வதற்குள், கப்பலிலேயே ஒரு கணக்குப் போட்டார். எரிந்து முடிந்த நட்சத்திரம் ஓர் எடைக்கு மேல் இருந்தால், அது நிம்மதியாக ஓய்வெடுக்க முடியாது, சுருங்கிக்கொண்டே போகும். அந்த எல்லை, சூரியனைப் போல் 1.4 மடங்கு சுமார். கருந்துளைக்குப் போகிற பாதையின் வாசல்கதவு அது.

1935 ஜனவரியில், லண்டனில் பெரிய பெரிய வானியலாளர்கள் கூடிய சபையில் அதை விளக்கினார். உடனே எழுந்த ஓர் உலகப் புகழ் மேதை, 'நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது' என்ற தொனியில் கிண்டலடித்தார். சபை சிரித்தது. இருபத்துநாலு வயது மெட்ராஸ் பையன் தனியாக நின்றார். இயற்கை யார் பக்கம் என்பது பிறகு தெரிந்தது. 1983-ல் நோபல் பரிசு வந்தது.

அன்றைக்குக் கிண்டலடித்த மேதையின் பெயர் ஆர்தர் எடிங்டன். கருந்துளை எவ்வளவு சாப்பிடலாம் என்று வரம்பு கட்டினோமே, அதே எடிங்டன்! ஒருவர் பெயரில் வரம்பு. இன்னொருவர் பெயரில், அந்த வரம்புக்குள் அடங்காத கருந்துளைகளைத் தேடுகிற தொலைநோக்கி. காலம் எப்படியெல்லாம் கணக்குத் தீர்க்கிறது பாருங்கள்.

சரி, எடிங்டன் வரம்பை மீறவே முடியாதா? முடியும் என்பதுதான் மீட்டர் வட்டிக் கட்சி. 2024 நவம்பரில் அவர்களுக்கும் ஒரு சாட்சி அகப்பட்டது. பெயர் எல்.ஐ.டி-568. பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதானபோது வாழ்ந்த சின்னக் கருந்துளை. ஜேம்ஸ் வெப் அகச்சிவப்பில் அளந்து பார்த்தால், வரம்பைப் போல் சுமார் நாற்பது மடங்கு வேகத்தில் விழுங்கிக்கொண்டிருக்கிறது! எல்லாத் திசையிலும் ஒளி தள்ளினால்தானே தடை? ஒருபக்கம் வெளிச்சம் வெளியேற, இன்னொரு பக்கம் வாயு உள்ளே போக வழி கிடைத்தால், கொஞ்ச காலத்துக்கு இப்படி வாரிச் சுருட்டலாம். ஆனால் எத்தனை காலத்துக்குத் தாங்கும்? மீட்டர் வட்டிக்காரர்களுக்கும் அதுதானே பிரச்னை!

போதாக்குறைக்கு ஜேம்ஸ் வெப் வானமெங்கும் 'சின்னச் சிவப்புப் புள்ளிகள்' என்று ஒரு புதுக் கூட்டத்தை நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அவற்றில் பலவற்றுக்குள் வளர்ந்துகொண்டிருக்கிற கருந்துளைகள் ஒளிந்திருக்கலாம் என்கிறார்கள். ஆக, வழக்கு இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது. முதல் பெரிசா, வட்டி பெரிசா? இரண்டு கட்சிக்கும் சாட்சிகள் இருக்கிறார்கள். தீர்ப்பு எழுதப்போகிறவர்கள், ஒருவேளை இப்போது ப்ளஸ் ஒன் சேரப்போகிறவர்களாக இருக்கலாம்.

மாநாட்டின் முடிவு

இதை நான் வீட்டில் சொன்னபோது அக்கா முகத்தில் அருள் இறங்கவில்லை. "அதெல்லாம் கோயம்புத்தூர், மயிலாப்பூர். நாம குப்பம்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி குறைவு என்று அவள் சொல்லவில்லை. கையில் இருக்கும் நாளுக்குள், நூறில் ஆரம்பித்தவர்கள் எட்டு லட்சம்தான் சேர்க்க முடியும் என்கிற அதே கணக்கைத்தான் சொன்னாள். கணக்கில் பிழையில்லை. பிழையில்லாததுதான் வலிக்கிறது.

அக்கா பெண் ஒன்றும் பேசாமல் மீன் நோட்டை மூடி வைத்தாள்.

அம்மாதான் எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், டிரங்குப் பெட்டியைக் குடைந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து பேத்தி மடியில் போட்டாள். தபால் ஆபீஸ் பாஸ் புக். தண்டலுக்குக் கட்டியதுபோக, யாருக்கும் தெரியாமல் மாசாமாசம் போட்டுவைத்தது. எவ்வளவு என்று சொல்லமாட்டேன். ஜேம்ஸ் வெப் கண்ணாடிக்கு முலாம் பூசக் காணாது. ஆனால் இரண்டு வருஷத்துக்குப் புஸ்தகம், பஸ், டியூஷன் எல்லாவற்றுக்கும் தாராளம்.

"எதுக்கு ஆயா?"

"மொதலு பெருசா இருந்தா நாள் பத்தும்னு நீதானே கணக்கு போட்ட?"

ப்ளஸ் ஒன் ஃபாரத்தில் ஃபிசிக்ஸ் குரூப் என்று அக்காதான் தன் கையால் எழுதினாள். நான் அவளுக்காக எடுத்து வைத்திருந்த என் காமர்ஸ் புஸ்தகங்கள் சும்மாதான் இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமா?